தவளை மேடமும் ஏழுமலையின் இடது இடுப்பும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் வயது வந்தவர்களில் பாதிப் பேரைத் தவளை மாதிரி படுக்க வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அரசாங்கம் அவருக்கு இன்னும் விருது எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்கும் நாள் வந்தால், கொடுக்க வரும் பெரிய மனிதர் மேடைப் படி ஏறுவதைப் பார்த்துவிட்டு, "ஐயா, எவ்ளோ நாளா எடது கால இழுத்துக்கினு நடக்கறீங்க? கொஞ்சம் படுங்க" என்று சொல்லிவிடுவார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் எங்கள் ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவர். நான் அங்கே ரிப்போர்ட் டைப் அடித்துக்கொண்டிருந்தவன். நைனார்பாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, சுருட்டிய சட்டைக் கையும் எண்ணெய் வழியும் முகமுமாக வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகிறது. மேடத்துக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். குள்ளமான உருவம், புடவைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, கோட்டுப் பையில் பென்சில். கதவில் அவருடைய முழுப் பெயரும் படிப்பும் எழுதிய பலகை தொங்கியது. அதை யாரும் படித்ததில்லை. தவளை மேடம் என்று கேட்டால்தான் ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும். அந்தப் பெயரை வைத்தவன் நான்தான். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒப்புக்கொள்ள வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது, அது பின்னால் வரும்.

இடுப்பு வலி என்று வருகிறவர்களுக்கு டாக்டர் சீட்டில் ஒரு படம்தான் எழுதியிருப்பார். நேராகப் படுத்து எடுப்பது. சென்டர் ஓனர் ஃபிலிம் செலவு என்று முணுமுணுத்தாலும் மேடம் இரண்டு எடுப்பார். இரண்டாவதுதான் தவளைப் படம். மல்லாந்து படுத்து, முழங்கால் இரண்டையும் மடக்கி, உள்ளங்கால்களை ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, முட்டிகளைப் பக்கவாட்டில் சாய்க்க வேண்டும். சொன்னால் யாருக்கும் புரியாது. அதனால் மேடமே மேசை மேல் ஏறிப் படுத்துக் காட்டுவார்.

"நேரா எடுக்கற படம் கல்யாண போட்டோ மாதிரி, எல்லாம் சிரிச்சிக்கினு நல்லாதான் இருக்கும். இதுல எடுத்தாதான் வூட்டுல இன்னா நடக்குதுன்னு தெரியும்" என்பார்.

களமருதூரிலிருந்து வந்த ஒரு நிலத்துக்காரர் ஒருமுறை முரண்டு பிடித்தார். "இருபது ஏக்கர் வெச்சிருக்கறவன் நான். இப்படியெல்லாம் படுக்க மாட்டேன்."

"ஏக்கருக்குத் தனி போஸ் இல்லீங்க. படுங்க."

படுத்தார். இந்த மனிதரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவார்.

மேடம் தேடியது ஒரே ஒரு வியாதியைத்தான். தொடை எலும்பின் உச்சியில் பந்து மாதிரி ஓர் உருண்டை இருக்கிறது. இடுப்புக் குழிக்குள் அதுதான் சுழல்கிறது. சிலருக்கு அந்த உருண்டைக்கு ரத்தம் போவது நின்றுவிடும். எலும்பு உள்ளுக்குள் செத்துப்போகும். வெளியே பார்த்தால் உருண்டை உருண்டையாகவே இருக்கும். ஆள் நடப்பார், மூட்டை தூக்குவார், மாமியார் வீட்டுக்குப் போவார். ஒரு நாள் பாரம் தாங்காமல் உருண்டை நொறுங்கி உட்கார்ந்துவிடும். அதற்கப்புறம் செயற்கை மூட்டு வைப்பதைத் தவிர பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. உட்காருவதற்கு முன்னால் கண்டுபிடித்தால் காப்பாற்றப் பார்க்கலாம். ஆகவே யாருடையது உட்காரும், யாருடையது தாங்கும், உட்காரும் என்றால் எப்போது, இதுதான் கேள்வி. பெரிய பெரிய டாக்டர்களே தலையைச் சொறியும் இந்தக் கேள்வியை மேடம் பட்டர் பேப்பரை வைத்துக்கொண்டு தினமும் சந்தித்தார்.

எதிர் பேக்கரியில் பன் வாங்கும்போது, "இன்னும் ரெண்டு பேப்பர் குடுப்பா" என்று கேட்டு வாங்கி வருவார். எக்ஸ்ரே ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, அதன் மேல் பட்டர் பேப்பரை வைத்து, இரண்டு உருண்டைகளையும் பென்சிலால் வரைவார். செத்த இடத்துக்கு மட்டும் கட்டம் கட்டமாகக் கோடு போடுவார். மூலையில் இடது பக்கம் தெரிய ஓர் 'இ'. பிறகு அதை நீளமான நோட்டில் ஒட்டி, கீழே தீர்ப்பை எழுதுவார். ஆறு மாதம் கழித்து அதே ஆள் வந்தால் புதுக் கோட்டைப் பழைய கோட்டின் மேல் வைத்துப் பார்ப்பார். உருண்டை ஒரு நூல் இறங்கியிருந்தாலும் தெரிந்துவிடும்.

"எவ்ளோ செத்துருக்குதுன்றது பாதிதான் தம்பி. எந்த எடத்துல செத்துருக்குதுன்றதுதான் மீதி. உள்பக்கமா ஓரத்துல கொஞ்சம்னா தாங்கும். மேல கூரைக்கு நேரா, வெளிப்பக்கம் வரைக்கும் போயிருந்தா தாங்காது. கரையான் தின்ன விட்டம் மாதிரிதான். மூலைல தின்னா வூடு நிக்கும், நடுவுல தின்னா எறங்கிடும்."

தீர்ப்பில் தேதி இருக்காது. எங்கள் பக்கத்து ஜனங்களுக்குத் தேதி எதற்கு? "மரவள்ளி புடுங்கற வரைக்கும் ஓடும்", "நடவுக்குத் தாங்கும், அறுப்புக்குத் தாங்காது" என்றுதான் எழுதுவார். கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டிருந்த ஒருவரிடம், "இந்தக் கரும்பு வெட்டறதுக்கு நீங்க வயல்ல நிக்க மாட்டீங்க. சேலம் போய் உடனே பாருங்க" என்றார். அவர் சிரித்துவிட்டுப் போனார். நான்கு மாதம் கழித்து சென்டருக்குப் போன் வந்தது. நான்தான் எடுத்தேன்.

"தம்பி, கரும்பு வெட்டிக்கினு இருக்கறாங்க. நான் வரப்புல கெடக்கறேன். இடுப்பு போயிடுச்சி. அந்தம்மாகிட்ட சொல்லிடு, கரெக்டா சொன்னாங்கன்னு."

ஆம்புலன்ஸுக்குச் சொல்வதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். மேடம் அன்றைக்கு மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. நோட்டை எடுத்து அவர் பக்கத்தில் நீல மையில் 'பலித்தது' என்று எழுதிவிட்டு, டிபன் பாக்ஸை அப்படியே மூடினார். சரியாகச் சொன்னவர் ஏன் இப்படி வாடுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

சென்டருக்கு வெளியேயும் அவரால் சும்மா இருக்க முடியாது. எங்கள் வாசலில் மூன்று படிகள். கண்ணாடிக் கதவு வழியாக யார் எந்தக் காலை முதலில் வைத்து ஏறுகிறார்கள் என்று பார்ப்பார். இருமலுக்கு நெஞ்சுப் படம் எடுக்க வந்தவரிடம், "நெஞ்சு எங்கயும் போவாது, மொதல்ல சம்மணம் போட்டு ஒக்காந்து காட்டுங்க" என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் யார் யார் கீழே உட்கார முடியாமல் மேசைப் பந்தி கேட்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே சாப்பிடுவார். ஒரு கல்யாணத்தில் மணவறையில் மாப்பிள்ளை காலை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். மேடம் மேடையேறி மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, "தாலி கட்டிட்டு திங்கக்கெழம சென்டருக்கு வாங்க" என்றார். பெண் வீட்டார் முகம் வெளுத்துவிட்டது. விசாரித்ததில் மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி அவிழ்கிற நிலைமை, அவ்வளவுதான். மேடம் கொஞ்சமும் அசரவில்லை. "இடுப்பு நல்லா இருக்குதுன்னு தெரிஞ்சிதில்ல, சந்தோஷமா இருங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் பேர் கெட்டது. களமருதூர் நிலத்துக்காரர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். அன்றைக்குக் கூட்டம் அலைமோதியது. மேடம் புதுப் படத்தையும் பழைய நோட்டையும் அவசரமாகப் பார்த்தார். நோட்டில் செத்த இடம் இடது பக்கம். படத்தில் வலது பக்கம்.

"போன தடவ எடதுல இருந்துது, இப்ப எடது சுத்தமா இருக்குதுங்க. வலதுல புதுசா தெரியுது. வெள்ளிக்கெழம டாக்டர் வந்ததும் பாத்துடுங்க."

அவர் காதில் முதல் பாதிதான் விழுந்தது. "எனக்கே தெரியாம வந்து எனக்கே தெரியாம போயிருக்குது பாருங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஒரு பக்கம் குணமானதற்குப் பாதி மொட்டை போட முடியாது என்பதால் நேராகக் கோயிலுக்குப் போய் முழு மொட்டையே போட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை வந்தார், நெற்றி நிறையச் சந்தனத்தோடு.

எங்களுக்கு எலும்பு டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் சேலத்திலிருந்து வருவார். நல்ல மனிதர், கெட்டிக்காரர், அவசரக்காரர். பழைய ஃபிலிமையும் புது ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். இரண்டிலும் வலது. இடது எப்போதுமே நன்றாகத்தான் இருந்திருக்கிறது. நோட்டில் பட்டர் பேப்பர் முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி ஒட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான். அந்தப் பேப்பரை எந்தப் பக்கம் பார்த்தாலும் கோடு தெரியும், அதுதான் வினை.

"என்ன மேடம், தோசையைத் திருப்புற மாதிரி நோயைத் திருப்பிட்டீங்களே" என்றார் டாக்டர். சென்டரே சிரித்தது. நிலத்துக்காரர் மட்டும் மொட்டையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஆமா சார். என் தப்புதான்" என்றார் மேடம்.

நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். என் விரல்கள் கீ போர்டில் அப்படியே நின்றுவிட்டன. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு நாள், "தம்பி, சும்மா இருந்தா இத்தயெல்லாம் ஒட்டி வை" என்று மேடம் ஒரு கட்டுப் பேப்பரையும் பசை டப்பாவையும் கொடுத்திருந்தார். நான் பாட்டுக் கேட்டுக்கொண்டே ஒட்டினேன். எந்தப் பக்கம் மேலே என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அன்று எழுந்து நின்று, 'ஒட்டினது நான்' என்று மூன்று நொடியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது போதாதென்று, தோசைக் கதையை டீக்கடையில் சொல்லிச் சிரிக்க வைத்தவனும் நானே. ஒரே வாரத்தில் அது ஊர் தாண்டிப் போய்விட்டது.

இதற்கு அடுத்த கார்த்திகை மாதம் ஏழுமலை வந்தார். கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை வரைக்கும், வேன் ஓட்டுகிறவர். நாற்பது வயது. வலது இடுப்பைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். பின்னாலேயே அவர் மனைவி கலா, தோளில் பயணிகளிடம் டிக்கெட் காசு வாங்கும் பை. வேனுக்கு அவர்தான் கண்டக்டர், முதலாளி எல்லாம்.

மேடம் கேள்வியை ஆரம்பித்தார். "குடிப்பியா?"

"அந்தப் பழக்கமே இல்லீங்க" என்று கலா பதில் சொன்னார், கொஞ்சம் கோபமாக.

"மாத்திர எதுனா சாப்புடறியா?"

"மூச்சு வாங்குதுன்னு ஒரு வெள்ள மாத்திரைங்க. சின்னதா இருக்கும். மூணு வருஷமா சாப்புட்டுக்கினு இருக்கறேன்."

"யாரு எழுதிக் குடுத்தது?"

"மச்சான்."

"மச்சான் டாக்டரா?"

"இல்லீங்க. அவருக்கும் மூச்சு வாங்கும்."

மேடம் கண்ணை மூடித் திறந்தார். அந்த மாதிரி மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் வருஷக்கணக்கில் விழுங்கினால் உருண்டைக்கு ரத்தம் நிற்கலாம் என்பது அவருக்குத் தெரியும். தவளைப் படம் எடுத்தார். விளக்குப் பெட்டி முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வலது உருண்டையில் உள் ஓரத்தில் சின்னதாக ஒரு நிழல். இடது உருண்டையில், கூர்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மெல்லிய கோடு ஒன்று, பாதி உருண்டையை வளைத்துக்கொண்டு வெளி ஓரம் வரைக்கும் போனது.

"ஆனா மேடம், அவருக்கு வலிக்கறது வலது."

"அதான் பயமா இருக்குது. கத்தற பக்கம் தாங்கும். கம்முனு இருக்கற பக்கம்தான் உக்காரப் போவுது." பட்டர் பேப்பரில் வரைந்து நோட்டில் அவரே ஒட்டினார். கீழே எழுதினார்: 'இடது. மார்கழி தாண்டாது.'

வெள்ளிக்கிழமை டாக்டர் படத்தைப் பார்த்தார். "வலி வலதுல. பெரிய கோடு இடதுல. அப்படின்னா என்ன அர்த்தம்? படத்துல இடது வலது எழுத்தை மாத்தி வெச்சிருக்காங்க." மேடத்தைப் பார்த்துச் சிரித்தார். "மறுபடியும் தோசையா மேடம்?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பழக்கதோஷம்.

"எழுத்து சரியாதான் சார் வெச்சேன். ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துடலாம் சார்."

"தேவைப்பட்டா அப்புறம் எடுப்போம் மேடம்." டாக்டர் ஏழுமலை பக்கம் திரும்பினார். "வலது காலுக்கு ஓய்வு குடுங்க. ஒரு கைத்தடி வெச்சுக்குங்க. நிக்கும்போது பாரத்தை இடது கால்ல போடுங்க. வேன் ஓட்டலாம், மெதுவா."

மேடம் வாசல் வரைக்கும் ஏழுமலையோடு போனார்.

"கிளட்ச் எந்தக் காலு?"

"எடதுங்க."

"மலை ஏறி எறங்க எத்தினி வாட்டி அமுக்குவ?"

"எண்ணவா முடியும், அத்தினி வளைவு இருக்குது."

"வண்டில எத்தினி பேரு?"

"சந்தை நாள்ல இருவதுக்கு மேல இருப்பாங்க."

மறுநாள் சனிக்கிழமை மேடம் வேலைக்கு வரவில்லை. மழையானாலும் காய்ச்சலானாலும் வருகிறவர். போனும் எடுக்கவில்லை. பத்து மணிக்கு வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள். ஓனர் என்னைப் பார்த்து, "எங்க இருந்தாலும் கூட்டிக்கினு வா" என்றார். எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். கச்சிராயபாளையம் டவுன் பஸ்ஸில் ஏறினேன்.

வேன் நிற்கும் இடத்தில் ஒரே சத்தம். வேன் நிறைய மலை ஜனம், சாமை மூட்டை, இரண்டு சேவல், அட்டைப் பெட்டியில் ஒரு புது மிக்ஸி. டிரைவர் சீட்டில் மேடம் உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. ஸ்டியரிங் வீலுக்கு மேலே நெற்றி மட்டும்தான் தெரிந்தது. சாவி அவருடைய முந்தானை முடிச்சில். ஏழுமலை கைத்தடியோடு வெளியே நின்றுகொண்டிருந்தார், இடது காலில் பாரத்தைப் போட்டு.

சேவல்காரர் கேட்டார்: "ஏம்மா, நாங்க மலைக்குப் போவணுமா வேணாமா?"

"போவணும். பள்ளத்துக்குப் போவாம மலைக்குப் போவணும். அதுக்குத்தான் ஒக்காந்திருக்கறேன்."

"மேடம், டாக்டர் ஓட்டலாம்னு சொல்லிட்டாருங்க" என்றார் ஏழுமலை.

"ஏழுமல, ஒரே ஒரு வாட்டி படு. படுத்துக் காட்டிட்டு சாவிய வாங்கிக்கோ."

வேனில் இருந்த தார்ப்பாயை எடுத்து டீக்கடை ஓரம் தரையில் விரித்தார்கள். இருபது பேரும் இறங்கிச் சுற்றி நின்றார்கள். ஏழுமலை தவளை மாதிரி படுத்தார். வலிக்கிற வலது முட்டி முனகிக்கொண்டே முக்கால்வாசி தரைக்கு இறங்கியது. வலியே இல்லாத இடது முட்டி பாதியிலேயே நின்றுவிட்டது. மேடம் மெதுவாக அழுத்திப் பார்த்தார். இறங்கவில்லை. ஏழுமலை முகத்தில் முதல் தடவையாக ஒரு சந்தேகம் வந்தது.

"இன்னா டிரைவரே, நல்ல காலுதான அந்தரத்துல நிக்குது" என்றார் சேவல்காரர்.

ஏழுமலை எழுந்து உட்கார்ந்தார். மேடத்தை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க. களமருதூர்க்காரருக்குக்கூட நீங்க பக்கத்த மாத்திச் சொன்னீங்களாமே. பாவம், மொட்டை அடிச்சிக்கினாராமே. உங்கள நம்பி வண்டிய நிறுத்தனா நாங்க எப்படிங்க பொழைக்கறது?"

மேடம் என் பக்கம்கூடத் திரும்பவில்லை. என்னுடைய கதை, நான் டீக்கடையில் விற்ற கதை, இருபது கிலோமீட்டர் வந்து அந்தத் தார்ப்பாய் மேல் உட்கார்ந்திருந்தது.

"அத்த ஒட்டுனது நான்" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். "மேடம் சரியாதான் வரைஞ்சி குடுத்தாங்க. நான்தான் திருப்பி ஒட்டிட்டேன். பயந்துக்கினு சொல்லாம இருந்துட்டேன். மேடம் நோட்டுல இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தப்பு இல்ல. இதே கச்சிராயபாளையத்துல கரும்புக்காரரு வரப்புல விழுந்தாரே, உங்களுக்குத் தெரியுமில்ல? அவருக்கும் மேடம்தான் முன்னாடியே சொன்னாங்க."

கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கரும்புக்காரரைத் தெரிந்திருந்தது. ஒரு முணுமுணுப்பு ஓடியது. கலா தோளிலிருந்த டிக்கெட் பையைக் கழற்றி வேனுக்குள் போட்டார்.

"எல்லாரும் பஸ்ஸு புடிச்சிப் போங்க. இன்னிக்கு வண்டி போவாது." பிறகு புருஷனிடம், "எந்திரி. அந்தப் பக்கம் பாரம் போடாத, என் தோளப் புடி. சேலம் போறோம்."

சேவல்காரர் மட்டும் மிக்ஸிப் பெட்டிக்காரரிடம், "சேவலுக்கு பஸ்ல டிக்கெட் கேப்பானே" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

நான் அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அவரை நேரா இங்க அனுப்புப்பா. நானே எம்.ஆர்.ஐ. எழுதறேன்" என்றார்.

சாயங்காலம் டாக்டரிடமிருந்து போன், எனக்கு இல்லை, மேடத்துக்கு. மேடம் ஸ்பீக்கரில் போட்டார், அவருக்குப் போனைக் காதில் வைத்துப் பேசத் தெரியாது. "மேடம், நீங்க சொன்னதுதான். இடதுல பாதிக்கு மேல போயிருக்கு, சுத்தி நீர் கோத்திருக்கு. ஆனா உருண்டை இன்னும் இறங்கலை. வலது சின்னது, அது தாங்கும். இன்னும் கொஞ்ச நாள் மலையில கிளட்ச் மிதிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். நான் வலியைப் பாத்தேன். நீங்க படத்தைப் பாத்தீங்க. மன்னிச்சிடுங்க."

அந்தச் சென்டரில் அன்றைக்கு இருந்தவர்களில் என்னளவுக்குப் பெருமையோடு நெஞ்சை நிமிர்த்தி நின்றவர் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. எனக்குத்தான் அதற்குக் கொஞ்சமும் உரிமை இல்லை. ஓனர் ஃபிலிம் செலவு பற்றிப் பேசுவதை அன்றோடு விட்டுவிட்டார். டாக்டர் அதற்கப்புறம் எந்த இடுப்புப் படத்தைக் கையில் எடுத்தாலும், "மேடம் என்ன சொல்றாங்க?" என்று கேட்காமல் எழுதியதில்லை. சீட்டில் தவளைப் படத்தையும் அவரே சேர்த்து எழுத ஆரம்பித்தார்.

ஏழுமலைக்கு இடது உருண்டையில் துளை போட்டு, செத்ததைச் சுரண்டி, வேறு எலும்பை வைத்து அடைத்தார்கள். பிடிக்குமா பிடிக்காதா என்று உறுதி இல்லை என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். மாதக்கணக்கில் இரண்டு பக்கமும் ஊன்றுகட்டை வைத்து நடந்தார். வேனை கலாவின் தம்பி ஓட்டினார்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் நான் மேடத்திடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று பசை டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் தம்பி. நோட்டுல 'இ' திரும்பி இருந்துச்சே. நான் எழுதனது எனக்குத் தெரியாதா?"

"அப்பறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"நீ புதுசு. ஓனர் அன்னிக்கே வூட்டுக்கு அனுப்பியிருப்பாரு. நைனார்பாளையத்துலேந்து எவ்ளோ ஆசையா வந்துக்கினு இருந்த." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த ஆளைக் கூப்பிட்டு, மேசை மேல் ஏறிப் படுத்துத் தவளை காட்டப் போய்விட்டார்.

வேலைக்குச் சேர்ந்த மூன்று வருஷத்தில் நான் வேறு ஊர், வேறு வேலை என்று போய்விட்டேன். போன மாதம் கள்ளக்குறிச்சி வழியாக வரும்போது சென்டருக்குப் போனேன். மூன்று படி ஏறுவதற்குள் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "நடை நல்லாதான் இருக்குது, இன்னாத்துக்கு வந்த?" தலை நரைத்திருந்தது. கோட்டுப் பையில் அதே பென்சில்.

உள்ளே ஏழுமலை உட்கார்ந்திருந்தார், சம்மணம் போட்டு, பெஞ்சின் மேல். வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுக்க வருகிறாராம், வேனை அவரே ஓட்டிக்கொண்டு. வலது எப்போதாவது கத்துமாம், தாங்கிக்கொண்டிருக்கிறதாம்.

மேடம் நோட்டைக் கொண்டுவந்தார். பழைய பட்டர் பேப்பர்களின் மேல் அன்றைக்கு வரைந்ததையும் வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். மொத்தம் ஆறு பேப்பர்.

"இன்னா தெரியுது?"

"ஒரே கோடுதான் மேடம் தெரியுது."

"நான் மார்கழி தாண்டாதுன்னு எழுதனேன். அஞ்சு மார்கழி தாண்டிடுச்சி." நோட்டைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் பலித்தது, பலித்தது, பலித்தது. ஏழுமலையின் பக்கத்தில் மட்டும் சிவப்பு மையில், வருஷத்துக்கு ஒன்றாகக் கீழே கீழே எழுதியிருந்தார்: தப்பு, தப்பு, தப்பு, தப்பு. பென்சிலை வைத்துவிட்டுச் சிவப்புப் பேனாவை எடுத்து ஐந்தாவது தப்பை எழுதினார். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவர் மாதிரி இருந்தது அவர் முகம். ஏழுமலையும் அதே மாதிரிதான் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் வாசலில் யாரோ காலை இழுத்துக்கொண்டு படி ஏறும் சத்தம் கேட்டது. மேடம் புதுப் பேப்பரையும் பசை டப்பாவையும் என் கையில் வைத்தார். "இந்தா, ஒட்டி வை" என்று சொல்லிவிட்டு, நான் எந்தப் பக்கம் ஒட்டுகிறேன் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார்.

மூலையில் இருந்த 'இ' நேராக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒட்டினேன். பசை காயும் வரைக்கும் அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.